மொழி யாருடையது? - ஜாவா, ஹார்மனி, பூட்டி வைத்த கேள்வித்தாள்

மக்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகம் உள்ளவர்கள் கடைசி நாலு பத்தியை மட்டும் படித்துவிட்டு ஓடலாம், தப்பே இல்லை :-)

நிரல் எழுதுகிற நண்பர்களிடம் பேசும்போது அடிக்கடி காதில் விழுகிற வரி: "அந்த மொழிதான் ஓப்பன் சோர்ஸ் ஆச்சே, அப்புறம் என்ன கவலை?" மூலநிரல் இணையத்தில் கிடக்கிறது, பக்கத்தில் லைசென்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கிறது, ஆகவே மொழி நம்முடையதாகிவிட்டது என்று ஒரு நினைப்பு. எனக்கு இதில் உடன்பாடு கிடையாது. நிரல் திறந்திருப்பது வேறு, மொழி திறந்திருப்பது வேறு. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லாமல் போனால் என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ஜாவாவின் கதையைப் படித்தால் போதும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகவும்.

பைத்தான் என்று நாம் இறக்கிக்கொள்வது உண்மையில் சிபைத்தான். சி மொழியில் எழுதப்பட்ட ஒரு செயலாக்கம், அவ்வளவுதான். அதே பைத்தானை ஓட்ட பைபை என்று இன்னொன்று இருக்கிறது. ஜாவா எந்திரத்தின் மேல் ஓடுகிற ஜைத்தான் என்று மற்றொன்று இருக்கிறது. பைத்தான் என்கிற மொழி ஒரு இலக்கணம். இவை எல்லாம் அந்த இலக்கணப்படி பேசுகிற ஆட்கள். தமிழில் பேச நன்னூல் எழுதினவரிடம் யாரும் அனுமதி கேட்பதில்லை இல்லையா? நிரல்மொழியிலும் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அப்படி இருப்பதில்லை.

இப்போ ஜாவாவுக்கு வருவோம்.

சன் நிறுவனம் 1995-ல் ஜாவாவை வெளியிட்டது. மொழியின் விவரக்குறிப்பு எல்லோரும் படிக்கக் கிடைத்தது. ஆனால் சன்னின் செயலாக்கம் கட்டற்ற மென்பொருள் இல்லை. அதனால் சிலர் தாங்களே எழுத ஆரம்பித்தார்கள். 1996-ல் காஃபே வந்தது. 1998-ல் க்னூ கிளாஸ்பாத் தொடங்கியது. கிளாஸ்பாத்துக்கு ஒரு கறாரான விதி இருந்தது: சன்னின் மூலநிரலைப் பார்த்தவர்கள் இங்கே எழுதக்கூடாது. விவரக்குறிப்பை மட்டும் படித்து, ஒவ்வொரு வகுப்பாக, ஒவ்வொரு மெத்தடாகக் கையால் கட்டினார்கள். 2004-ல் ரிச்சர்ட் ஸ்டால்மேன் "ஜாவா பொறி" என்று ஒரு கட்டுரை எழுதினார். நீ உன் நிரலை என்னதான் கட்டற்றதாக வெளியிட்டாலும், அது ஓட கட்டற்றதல்லாத ஒரு மேடை வேண்டுமென்றால் நீ பொறியில் மாட்டிக்கொண்டாய் என்பதுதான் சாரம்.

2005 மே மாதம் அப்பாச்சி அறக்கட்டளையில் ஹார்மனி திட்டம் முன்மொழியப்பட்டது. அப்பாச்சி உரிமத்தில் முழு ஜாவாவையும் புதிதாக எழுதுவது என்று. ஐபிஎம், இன்டெல் போன்ற பெரிய கைகள் நிரல் கொடுத்தன. வேலை மளமளவென்று நடந்தது. 2006 நவம்பரில் சன்னும் இறங்கி வந்தது. ஜாவாவை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுவதாக அறிவித்து, 2007 மே மாதத்தில் நூலகத்தின் பெரும்பகுதியையும் வெளியிட்டது. ஓப்பன்ஜேடிகே பிறந்தது. ஊரெல்லாம் வாழ்த்து. நல்ல காரியம்தான், அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒரே ஒரு பெட்டியை மட்டும் சன் திறக்கவில்லை. அதன் பெயர் டிசிகே. ஒரு செயலாக்கம் ஜாவாவின் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கிற சோதனைத் தொகுப்பு.

வெறும் சோதனைதானே, நாமே எழுதிக்கிட்டாப் போச்சு என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். டிசிகே-யில் தேறினால்தான் "இது ஜாவாவோடு ஒத்துப்போகிறது" என்று சொல்லிக்கொள்ளலாம். விவரக்குறிப்பைச் செயல்படுத்தத் தேவையான காப்புரிமை, பதிப்புரிமை அனுமதிகளும் அப்படித் தேறின செயலாக்கத்துக்குத்தான். பாடப்புத்தகத்தை ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, பரீட்சை எழுதாதவன் படித்ததாகவே கணக்கில்லை என்று சொல்லி, கேள்வித்தாளை அலமாரியில் வைத்துப் பூட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

பூட்டுக்குக் காரணம் பணம்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. லாப நோக்கில்லாத அமைப்புகளுக்கு டிசிகே-யை இலவசமாகக் கொடுக்கவே சன் தயாராக இருந்தது. ஆனால் கூடவே ஒரு நிபந்தனை வந்தது. இப்படிச் சோதித்த ஹார்மனியை இன்னின்ன வகைக் கருவிகளில் ஓட்டக்கூடாது. கைப்பேசி மாதிரி இடங்களில்தான் சன்னுக்கு ஜாவா உரிமக் காசு வந்துகொண்டிருந்தது, அதனால் அந்த வயலுக்கு மட்டும் வேலி.

அப்பாச்சி இதை ஏற்க முடியாது. ஏனென்றால் அப்பாச்சி உரிமம் யாரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்று சொல்கிறது. ஓப்பன் சோர்ஸ் வரையறையின் 6-வது விதியே, இன்ன துறையில் பயன்படுத்தக்கூடாது என்று பாகுபாடு செய்யக்கூடாது என்பதுதான். நிபந்தனையை ஏற்றால் ஹார்மனி ஓப்பன் சோர்ஸ் இல்லை. ஏற்காவிட்டால் ஹார்மனி ஜாவா இல்லை. 2007 ஏப்ரல் 10-ம் தேதி அப்பாச்சி சன்னுக்குத் திறந்த மடல் எழுதியது. ஜாவா சமூகத்தின் ஒப்பந்தப்படியே இப்படி ஒரு தடை போட உங்களுக்கு உரிமை இல்லை என்பது அதன் வாதம். பலன் இல்லை. அதே வருஷம் ஆகஸ்டில் சன் டிசிகே-க்கு ஒரு புது உரிமம் கொண்டுவந்தது. யாருக்கு? ஓப்பன்ஜேடிகே-யிலிருந்து பெரும்பாலும் எடுத்து, ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடுகிறவர்களுக்கு மட்டும். அதாவது என் நிரலை நகலெடுத்தால் பரீட்சை எழுதலாம், சொந்தமாக எழுதினால் முடியாது!

இந்த இடத்தை ரெண்டு தடவை படிச்சுப் பாருங்க. எந்தப் பரீட்சையிலாவது காப்பி அடிச்சவனை உள்ளே விட்டு, சொந்தமாப் படிச்சவனை வெளியே நிறுத்தினதைப் பார்த்திருக்கீங்களா?

2007 டிசம்பரில் ஜாவா செயற்குழுவில் ஒரு தீர்மானம் வந்தது. ஜாவா சமூக நடைமுறை எந்த ஒரு நிறுவனத்தையும் சாராத, திறந்த தர அமைப்பாக மாறவேண்டும் என்று. அதை முன்மொழிந்தது யார் தெரியுமா? ஆரக்கிள். 2010 ஜனவரியில் அதே ஆரக்கிள் சன்னை வாங்கி முடித்தது. அலமாரிச் சாவி கைக்கு வந்தது, அலமாரி திறக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சும்மாவா?

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 2010 அக்டோபரில் ஐபிஎம் ஓப்பன்ஜேடிகே பக்கம் போய்விட்டது. டிசம்பர் 9-ம் தேதி அப்பாச்சி ஜாவா செயற்குழுவிலிருந்து விலகியது. 2011 நவம்பரில் ஹார்மனியை மூடினார்கள். நிரல் மோசமாக இருந்ததால் மூடப்பட்ட திட்டம் இல்லை இது. ஜாவா 5-க்கான நூலகத்தில் பெரும்பகுதி தயாராக இருந்தது. ஐபிஎம் கையை விட்டதும் ஒரு முக்கிய காரணம் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஜாவா என்ற பெயரைச் சொல்லிக்கொள்ள வழியே இல்லாத ஒரு திட்டத்தில் எந்த நிறுவனம் எத்தனை நாளைக்குக் காசு போடும்?

இடையில் 2007 நவம்பரில் ஆண்ட்ராய்டு வந்திருந்தது. கூகிள், ஹார்மனியின் நூலகத்திலிருந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு, தால்விக் என்று வேறொரு எந்திரத்தை அடியில் வைத்து, இது ஜாவா என்று சொல்லிக்கொள்ளாமலேயே வெளியிட்டது. 2010 ஆகஸ்டில் ஆரக்கிள் வழக்குப் போட்டது. 2012-ல் நீதிபதி ஆல்சப், இந்த ஏபிஐ-க்குப் பதிப்புரிமை கிடையாது என்றார். 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. 2016-ல் ஜூரி இது நியாயமான பயன்பாடு என்றது. 2018-ல் மறுபடி மேல்முறையீட்டில் இல்லை என்றார்கள். கடைசியில் 2021 ஏப்ரல் 5-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற கணக்கில் கூகிள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

28.6 லட்சம் வரிகள் உள்ள ஏபிஐ-யில் சுமார் 11,500 வரிகள், அதுவும் மெத்தடின் பெயரும் வடிவமும் சொல்கிற அறிவிப்பு வரிகள்தான் தகராறு. பத்து வருஷத்துக்கு மேல் நடந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஏபிஐ-க்குப் பதிப்புரிமை உண்டா என்ற மூலக் கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லவில்லை. "உண்டு என்றே வைத்துக்கொண்டாலும், இது நியாயமான பயன்பாடு" என்று முடித்துவிட்டது. கூகிளுக்கு இது போதும், அவர்களிடம் வக்கீல் படையே இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்து ராத்திரி ரெண்டு மணிக்கு கம்பைலர் எழுதுகிற ஒருத்தனுக்கு? ஐரோப்பாவில் கொஞ்சம் நிம்மதி. 2012 மே மாதம் எஸ்ஏஎஸ் நிறுவனம் போட்ட வழக்கில், ஒரு நிரல் செய்கிற வேலைக்கும், நிரல்மொழிக்கும் பதிப்புரிமைச் சட்டத்தில் பாதுகாப்பு இல்லை என்று ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது.

சரி, மறுபக்க வாதத்தையும் பார்த்துடுவோம். ஒண்ணும் லேசுப்பட்டதில்லை.

முதல் வாதம்: ஆளாளுக்கு ஒரு ஜாவா எழுதினால் மொழி துண்டு துண்டாகப் போகும். இது கற்பனைப் பயம் இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் ஜாவாவில் சிலதைச் சேர்த்து, சிலதை விட்டு, விண்டோஸில் மட்டும் ஓடுகிற மாதிரி ஆக்கியது. சன் 1997 அக்டோபரில் வழக்குப் போட்டது, 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்து சமரசம் ஆனது. சூடு கண்ட பூனை சன். அதன் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் துண்டாகாமல் இருக்க மருந்து என்ன? எல்லோரும் ஒரே சோதனையில் தேறுவது. அந்த மருந்தைத்தான் பூட்டி வைத்தார்கள். விளைவு, எந்தத் துறைக்கு வேலி போட்டார்களோ அந்தக் கைப்பேசியிலேயே, ஜாவா மாதிரியே இருந்தும் ஜாவா அல்லாத ஒன்று உலகம் முழுக்கப் பரவியது. எதற்குப் பயந்தார்களோ அதுவே நடந்தது, அதுவும் அவர்கள் கையாலேயே.

இரண்டாவது வாதம்: ஜிபிஎல் நிரல்தான் இருக்கே, அதை எடுத்து மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே, புதிதாக ஏன் எழுதணும்? இன்று ஜாவாவை எத்தனையோ பேர் கொடுக்கிறார்கள். அமேசான் கொரெட்டோ, எக்லிப்ஸ் டெமுரின் என்று பட்டியல் நீளம். ஆனால் எல்லாமே ஒரே மாவில் வார்த்த தோசைதான். மாவில் கல் இருந்தால் எல்லாத் தோசையிலும் கல் இருக்கும். ஐபிஎம்மின் ஓப்பன்ஜே9 எந்திர அளவில் தனியாக எழுதப்பட்டது என்பது உண்மை, ஆனால் அதுவும் ஓப்பன்ஜேடிகே நூலகத்தோடுதான் வருகிறது.

மாவில் கல் என்பதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. யூனிக்ஸ் எழுதிய கென் தாம்ப்சன் 1984-ல் தன் டூரிங் விருது உரையில் ஒரு விஷயத்தைக் காட்டினார். கம்பைலருக்குள் ஒரு கள்ளக்கதவை வைத்து, அது தன்னைத்தானே கம்பைல் செய்யும்போதெல்லாம் அந்தக் கதவையும் சேர்த்துக்கொள்கிற மாதிரி செய்துவிடலாம். மூலநிரலில் தேடினால் ஒன்றும் தெரியாது. ஓப்பன் சோர்ஸ் உரிமம் இங்கே உதவவே உதவாது, வரி வரியாகப் படித்தாலும் சுத்தமாக இருக்கும். இதற்கு டேவிட் வீலர் 2005-ல் ஒரு கட்டுரையிலும், 2009-ல் தன் முனைவர் பட்ட ஆய்விலும் வழி சொன்னார். சந்தேகத்துக்குரிய கம்பைலரின் மூலநிரலை, சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பைலரால் கம்பைல் செய். வந்ததைக் கொண்டு அதே மூலநிரலை மறுபடி கம்பைல் செய். கிடைப்பது, முதலில் உன்னிடம் இருந்ததோடு பிட் பிசகாமல் ஒத்துப்போகிறதா பார். ஆக, இந்தச் சோதனைக்கு வேண்டியது என்ன? சம்பந்தமே இல்லாத இன்னொரு கம்பைலர்! ஒரே ஒரு செயலாக்கம் உள்ள மொழியில் அதுக்கு எங்கே போவது?

ரஸ்ட் மொழியில் இது நடைமுறையிலேயே உதவுகிறது. ரஸ்ட் கம்பைலர் ரஸ்டிலேயே எழுதப்பட்டது. அதைக் கட்ட முந்தைய ரஸ்ட் வேண்டும், அதற்கு அதற்கு முந்தையது வேண்டும். இந்த வட்டத்தை உடைக்க எம்ரஸ்ட்சி என்று சி++ மொழியில் தனியாக எழுதப்பட்ட ஒரு கம்பைலர் பயன்படுகிறது. க்னூ கைக்ஸ்காரர்கள் அதை வைத்துத்தான் அடியிலிருந்து கட்டி ஏறுகிறார்கள்.

மூன்றாவது வாதம்: ஒரே வேலையை ரெண்டு கூட்டம் செய்வது வீண். எல்லா மொழிக்கும் ரெண்டாவது செயலாக்கம் வேண்டும் என்று நானும் சொல்ல வரவில்லை. எழுதவேண்டும் என்று ஒருவனுக்குத் தோன்றினால் தடை இருக்கக்கூடாது, அவ்வளவுதான். வீண் என்பதும் சரியில்லை. ஜிசிசி இருக்கும்போதே 2007-ல் கிளாங் வந்தது. பிழைச் செய்தியைக்கூட மனிதனுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம் என்று காட்டியது. அப்புறம் ஜிசிசி-யின் பிழைச் செய்திகளும் ஒழுங்காகின. அடியில் இருக்கிற சி மொழி யாருக்கும் சொந்தமில்லை, 1989-லிருந்து அதற்குத் தரம் இருக்கிறது. அதனால்தான் இரண்டும் கோர்ட்டுக்குப் போகாமல் போட்டி போட முடிந்தது.

திறந்த மொழி எப்படி இருக்கும் என்று காட்ட, பெயரில் மட்டும் ஜாவாவுக்குச் சொந்தக்காரனைச் சொல்கிறேன்: ஜாவாஸ்கிரிப்ட். வேடிக்கை என்னவென்றால் அந்தப் பெயரின் வர்த்தகமுத்திரையும் ஆரக்கிளிடம்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் டெனோ நிறுவனம் அதை ரத்து செய்யச் சொல்லி அமெரிக்க அலுவலகத்தில் மனுப் போட்டது. ஆனால் மொழியின் விவரக்குறிப்பு எக்மா என்ற தர அமைப்பிடம், எக்மாஸ்கிரிப்ட் என்ற வேறு பெயரில் இருக்கிறது. சோதனைத் தொகுப்பின் பெயர் டெஸ்ட்262. பிஎஸ்டி வகை உரிமம், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், எந்த வயலுக்கும் வேலி இல்லை. கூகிளின் வி8, மொசில்லாவின் ஸ்பைடர்மங்க்கி, ஆப்பிளின் ஜாவாஸ்கிரிப்ட்கோர் என்று மூன்று பெரிய எந்திரங்கள், மூன்றுக்கும் மூன்று விதமான திறந்த உரிமங்கள். 2019-ல் ஃபேப்ரிஸ் பெல்லார்டும் சார்லி கார்டனும் குவிக்ஜேஎஸ் என்று ஒரு குட்டி எந்திரத்தை வெளியிட்டார்கள். டெஸ்ட்262-ல் கிட்டத்தட்ட முழுசாகத் தேறியது. இரண்டே பேர்! அங்கே ஐபிஎம்மும் இன்டெல்லும் சேர்ந்து தள்ளியும் கரை சேராத கப்பல், இங்கே ரெண்டு பேர் துடுப்பில் கரை சேர்ந்தது. திறமை ஒரு காரணம், சந்தேகமில்லை. கேள்வித்தாள் மேஜை மேல் கிடந்தது இன்னொரு காரணம்.

எங்க கம்பைலர் பாடத்திலும் இதேதான். ஒரு சின்ன மொழியின் இலக்கணமும், சோதனைக் கோப்புகளும் முதல் நாளே கைக்கு வந்துவிடும். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு மொழியில் எழுதுகிறது, ஒரு குழுவின் நிரலை இன்னொரு குழு பார்ப்பதில்லை. செமஸ்டர் முடியும்போது எல்லா இன்டர்ப்ரெட்டரும் ஒரே விடையைத் தருகின்றன. இலக்கணத்தில் தெளிவில்லாத இடம் இருந்தால் அங்கே மட்டும் விடை மாறும், அப்போதுதான் அது இலக்கணத்தின் ஓட்டை என்றே தெரியவரும். ஒரே ஒரு குழு இருந்திருந்தால் அந்தக் குழுவின் பிழையே இலக்கணம் ஆகியிருக்கும்.

ஆகவே என் கருத்து இதுதான். ஒரு மொழி ஓப்பன் சோர்ஸா என்று கேட்டால் லைசென்ஸ் கோப்பை மட்டும் திறந்து பார்க்காதீர்கள். இன்னும் மூன்று கேள்வி கேளுங்கள். விவரக்குறிப்பு ஒன்று தனியாக இருக்கிறதா, அதைப் பார்த்து யார் வேண்டுமானாலும் எழுதலாமா? சோதனைத் தொகுப்பு நிபந்தனை இல்லாமல் கிடைக்கிறதா? எழுதி முடித்தபின் அந்த மொழியின் பெயரைச் சொல்லிக்கொள்ள முடியுமா?

மூன்றாவதை யாரும் கவனிப்பதில்லை. ரஸ்டின் நிரலும் சோதனைகளும் தாராளமான உரிமத்தில் இருக்கின்றன. ஆனாலும் 2023 ஏப்ரலில் ரஸ்ட் அறக்கட்டளை வெளியிட்ட வர்த்தகமுத்திரை வரைவுக்கு எவ்வளவு எதிர்ப்பு கிளம்பியது! திரும்ப எழுதவேண்டி வந்தது. முதல் கேள்வியிலும் ரஸ்ட் ரொம்ப நாள் பின்தங்கித்தான் இருந்தது. 2015-ல் 1.0 வந்தபோது முறையான விவரக்குறிப்பு கிடையாது. 2025-ல்தான் ஃபெர்ரஸ் சிஸ்டம்ஸ் நிறுவனம் தான் எழுதிய விவரக்குறிப்பை ரஸ்ட் திட்டத்துக்குக் கொடுத்தது. நல்ல அறிகுறி.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசா என்ன? திஸ்கி, பாமினி என்று ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு எழுத்துரு தேடி அலைந்த காலம் நினைவிருக்கும். யூனிகோடு வந்தபின் எந்த நிறுவனத்தின் எழுத்துருவில் படித்தாலும் அ என்பது அ-தான். காரணம், யாரோ ஒரு நல்ல எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தது இல்லை. இலவச எழுத்துரு அப்போதும் இருந்தது. எல்லோரும் தனித்தனியாகச் செயல்படுத்தக்கூடிய ஒரு பொது இலக்கணம் கிடைத்தது, அதுதான் காரணம்.

அடுத்து ஏதாவது புது மொழி வந்து, "நாங்க முழுக்க ஓப்பன் சோர்ஸ்" என்று யாராவது சொன்னால், "சந்தோஷம், கேள்வித்தாள் எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிற வேகத்திலேயே தெரிந்துவிடும், மொழி யாருடையது என்று.

டிஸ்கி: இது உரிமம் பற்றிய ஒரு மாணவனின் கருத்து மட்டுமே, சட்ட ஆலோசனை அல்ல. ஜிபிஎல் நல்லதா அப்பாச்சி நல்லதா என்ற சண்டைக்கு நான் வரலை, அதுக்குத் தனிப் பதிவு போட்டுத்தான் கும்மணும் :-)